இதயமுடுக்கி வரைவுகளில் போலிக்குறிகள்

இதயமுடுக்கி வரைவுகளில் போலிக்குறிகள் என்பன, செயற்கை இதயமுடுக்கி பொருத்தப்பட்ட ஒருவரின் இ.சி.ஜி. வரைவில், இதயத்திலிருந்து பிறக்காமல் வேறொரு மின்மூலத்திலிருந்து வந்து பதிவாகும் கோடுகளும் அலைகளும் ஆகும். வீட்டு மின்சாரம், தசை நடுக்கம், தளர்ந்த மின்வாய், அருகிலுள்ள மருத்துவக் கருவி, சில வேளைகளில் பதிவுக் கருவியின் சொந்தக் கணிப்பு ஆகியன இவற்றைத் தோற்றுவிக்கின்றன. எவருடைய இ.சி.ஜி. வரைவிலும் போலிக்குறி தோன்றலாம். ஆனால் இதயமுடுக்கி பொருத்தியவரிடம் இது இரு மடங்கு சிக்கலானது. ஏனெனில் அவருடைய வரைவில் இதயம் எழுதும் அலைகளோடு ஒரு கருவி எழுதும் கோடுகளும் முறையாகவே இடம்பெறுகின்றன. எது இதயம், எது முடுக்கி, எது வெளியிலிருந்து வந்தது என மூன்றையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

பிழையாகப் படிக்கப்பட்ட வரைவின் விளைவு இரு திசைகளிலும் அமையலாம். நன்றாக இயங்கும் முடுக்கியைப் பழுதானது எனக் கருதித் தேவையற்ற அறுவைக்கு அனுப்புவது ஒன்று. நின்றுபோன இதயத்தை இயங்குவதாக எண்ணி வாளாவிருப்பது மற்றொன்று. இரண்டாவது அரிதாக நிகழ்வது, ஆயினும் மீளமுடியாதது.

இரண்டு கருவிகளின் கதை

1887 ஆம் ஆண்டு இலண்டனில் அகசுடசு வாலர் மனித இதயத்தின் மின் இயக்கத்தை உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தார். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய இழைக் கால்வனோமானி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பதிவை மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதாக்கியது. இதற்காக அவருக்கு 1924 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கி 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனின் சுட்டாக்கோம் நகரில் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. ரூனே எல்ம்குவிசுட்டு அதனை வடிவமைத்தார். ஓகே சென்னிங் என்னும் அறுவை மருத்துவர் அதனைப் பொருத்தினார்.

இவ்விரு கருவிகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. இ.சி.ஜி. கருவி மெதுவாக மாறும் மிகச் சிறிய மின்னழுத்தங்களைப் பதிவு செய்ய அமைக்கப்பட்டது. முடுக்கியோ மிகக் குறுகிய நேரத்தில் வலுவான துடிப்பொன்றை வெளியிடுகின்றது. ஒன்றின் மொழி மற்றதற்கு இயல்பாக விளங்குவதில்லை. இக்கட்டுரையில் கூறப்படும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்தப் பொருந்தாமையிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

முடுக்கிக் கோட்டின் இயல்பு

இதயக் கீழறைகள் சுருங்கும்போது உடலின் மேற்பரப்பில் எழும் கியூ.ஆர்.எஸ். அலைத்தொகுதி ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்டு உயரமும், இயல்பான நிலையில் 0.1 நொடிக்குட்பட்ட அகலமும் கொண்டது. முடுக்கி வெளியிடும் துடிப்பு சில வோல்ட்டு அழுத்தம் உடையது. ஆனால் அது நீடிக்கும் நேரம் பொதுவாக 0.4 மில்லிநொடி அளவே. இ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகர்கின்றது. எனவே அத்துடிப்பு தாளில் பெற வேண்டிய அகலம் 0.01 மி.மீ. மட்டுமே. இது மைக்கோட்டின் தடிமனைவிட மிகச் சிறியது. இதனாலேயே முடுக்கித் துடிப்பு தாளில் அகலமற்ற செங்குத்துக் கோடாகத் தெரிகின்றது. இக்கட்டுரையில் இது முடுக்கிக் கோடு எனக் குறிக்கப்படுகின்றது.

கோட்டின் உயரம் கம்பியின் அமைப்பைப் பொறுத்தது. ஒருமுனை முறையில் மின்னோட்டம் இதயத்திலுள்ள கம்பியின் நுனியிலிருந்து காறை எலும்புக்குக் கீழே தோலடியில் உள்ள முடுக்கிப் பெட்டி வரை செல்கின்றது. பாதை நீளமானதால் கோடு உயர்ந்து, பல மில்லிவோல்ட்டு அளவில் தெரியும். இருமுனை முறையில் நுனிக்கும் அதற்கு ஓரிரு செ.மீ. தொலைவிலுள்ள வளையத்திற்கும் இடையே மட்டும் மின்னோட்டம் பாய்கின்றது. மேற்பரப்புக்கு வரும் அழுத்தம் மிகச் சிறியது. பழைய பாடநூல்களில் காணும் நெடிய கோடுகள் பெரும்பாலும் ஒருமுனைக் காலத்தவை. இன்றைய நோயாளிகளிடம் அத்தகைய கோட்டை எதிர்பார்க்கும் மாணவர், கோடு இல்லை, முடுக்கி வேலை செய்யவில்லை என முடிவு செய்துவிடக்கூடும்.

இருக்கும் கோடு மறைதல்

இன்றைய இ.சி.ஜி. கருவிகள் எண்ணியல் முறையில் இயங்குகின்றன. அதாவது தொடர்ச்சியான அலையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எண்களாக மாற்றிக்கொள்கின்றன. நொடிக்கு 500 முறை அளக்கும் கருவியில் இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரம் 2 மில்லிநொடி. முடுக்கித் துடிப்போ அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தோன்றி மறைந்துவிடுகின்றது. அன்றியும் அளப்பதற்கு முன்பாகவே உயர் அலைவெண்களை நீக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. முழுமையான நோயறி பதிவில் இதன் மேல் எல்லை பொதுவாக 150 ஹெர்ட்ஸ். கண்காணிப்பு நிலையில் 40 ஹெர்ட்ஸ். இவ்வடிகட்டிகள் கூர்மையான துடிப்பை மழுங்கச் செய்து உயரத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. ஒரே நோயாளியின் ஒரே வரைவில் ஒரு கோடு உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும், மூன்றாவது இல்லாமலும் இருப்பது பல வேளைகளில் இதன் விளைவே. முடுக்கியின் வெளியீடு அவ்வாறு ஏறி இறங்குவதில்லை.

வரைவு நடுங்குகின்றது என்பதற்காக வடிகட்டியை 40 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பதிவு செய்வது பரவலான வழக்கம். தாள் அழகாகிவிடும், கோடும் போய்விடும். கீழ் எல்லையை 0.05 ஹெர்ட்ஸிலிருந்து 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துவதும் இது போன்றதே. அடிக்கோடு அலைவது நிற்கும். ஆனால் மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. பகுதியின் மட்டம் திரிந்துவிடக்கூடும். தாளின் ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சாகும் வடிகட்டி எல்லைகளைப் படிப்பது வரைவைப் படிப்பதன் முதற்படி ஆகும்.

இல்லாத கோடு தோன்றுதல்

மேற்கூறிய குறையை ஈடுசெய்யக் கருவி செய்வோர் ஒரு தனிச் சுற்றைச் சேர்த்தனர். முடுக்கித் துடிப்பை மட்டும் மிக விரைவாக அளந்து கண்டறிவது அதன் வேலை. கண்டறிந்ததும், கருவி தன் பங்குக்கு வரைவில் ஒரு கோட்டையோ குறியையோ இட்டுவிடுகின்றது. ஆகவே பல கருவிகளில் நாம் காணும் முடுக்கிக் கோடு முடுக்கி எழுதியதன்று. "இங்கே முடுக்கித் துடிப்பு இருந்தது" எனக் கருவி கருதியதன் அடையாளமே ஆகும். அதன் உயரத்தையும் திசையையும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இச்சுற்றுக்குக் கூர்மையான எந்தத் துடிப்பும் முடுக்கித் துடிப்பாகத் தோன்றலாம். தளர்ந்த மின்வாய் தோலில் உரசுவது, தசைகளின் படபடப்பு, இயன்முறை மருத்துவத்தில் வலிக்குப் பயன்படும் தோல்வழி நரம்புத் தூண்டி, நடுக்கவாத நோய்க்காக மூளையில் பொருத்தப்படும் தூண்டி, இதயத்திற்குத் துணைசெய்யும் குருதியேற்றி ஆகிய அனைத்தும் இதனை ஏமாற்ற வல்லவை. முடுக்கியே பொருத்தப்படாத ஒருவரின் வரைவைக் கருவி "முடுக்கி இயக்கம்" என அச்சிட்டுத் தருவது இதனால்தான். முடுக்கி பொருத்தியவரிடமோ, இடமற்ற இடத்தில் கோடுகள் இறைந்து கிடப்பதைக் கண்டு முடுக்கி இதயத்தின் சொந்தத் துடிப்பை உணரத் தவறுகின்றது என எண்ண நேர்கின்றது.

நோயாளியின் மூச்சை அளந்து அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் முடுக்கிகள் தனியே குறிப்பிடத்தக்கவை. இவை மார்பின் மின்தடையை அறிவதற்காக, இதயத்தைத் தூண்ட இயலாத மிகச் சிறிய துடிப்புகளை நொடிக்குப் பல முறை அனுப்புகின்றன. கண்டறியும் சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டால் வரைவு சீப்பின் பற்களைப் போல் ஆகிவிடும். மறுதலையும் உண்டு. மருத்துவமனைக் கண்காணிப்புத் திரைகளும் மூச்சை எண்ணுவதற்காக இதே போன்ற மின்னோட்டத்தை மார்பின் வழி செலுத்துகின்றன. முடுக்கி அதனை நோயாளி வேகமாக மூச்சு விடுவதாகக் கொண்டு, படுத்திருப்பவரின் இதயத்தைத் தன் மேல் எல்லை வேகத்திற்கு ஓட்டிவிடக்கூடும். இது குறித்து 1998 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. திரையிலுள்ள மூச்சளவி வசதியை நிறுத்தினால் வேகம் தணிந்துவிடும். அதனை அறியாதவர் இதயத்துக்கு மருந்து செலுத்தத் தொடங்கிவிடுவார்.

வீட்டு மின்சாரத்தின் தடம்

இந்தியாவில் வழங்கப்படும் மாறுதிசை மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்டது. இது வரைவில் கலந்தால், 0.2 நொடியைக் குறிக்கும் 5 மி.மீ. பெரிய கட்டம் ஒன்றுக்குள் சரியாக 10 சிற்றலைகள் தெரியும். 60 ஹெர்ட்ஸ் வழங்கும் அமெரிக்காவில் எடுத்த வரைவில் இது 12 ஆகும். உருப்பெருக்கியால் எண்ணிப் பார்த்து எளிதில் உறுதி செய்யலாம். அடிக்கோடு தடித்துக் கம்பளிப்பூச்சியின் உடல் போலத் தெரிந்தால் ஐயம் இதன்மீதே செல்ல வேண்டும். இதற்குள் இருமுனைக் கம்பியின் சிறிய முடுக்கிக் கோடு முழுவதும் மறைந்துவிடும்.

மின்சாரம் நோயாளியின் உடலைத் தொட வேண்டியதில்லை. சுவருக்குள் செல்லும் கம்பியும், தலைக்கு மேலுள்ள மின்விசிறியும் உடலோடு ஒரு மின்தேக்கிபோல் இணைந்து சிறு அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றன. இவ்வழுத்தம் உடல் முழுவதும் ஒரே அளவில் இருப்பதால், இரு மின்வாய்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கும் இ.சி.ஜி. கருவி அதனைத் தள்ளிவிட வேண்டும். இரு மின்வாய்களும் தோலோடு சமமாகப் பொருந்தியிருந்தால்தான் அவ்வாறு நிகழும். ஒன்று எண்ணெய்ப் பசையுள்ள தோலிலும் மற்றது தூய்மையான தோலிலும் ஒட்டியிருந்தால் சமநிலை கெட்டு 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைகின்றது. வலது காலில் இணைக்கும் கம்பி வரைவுக்கு அலை எதனையும் தருவதில்லை. இந்தப் பொது அழுத்தத்தைக் குறைப்பதே அதன் பணி. அது கழன்றிருந்தால் மற்ற மின்வாய்கள் அனைத்தும் நன்றாக இருந்தும் வரைவு கெடும்.

நடுக்கமும் அசைவும்

நடுக்கவாதத்தில் கைகள் நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடுகின்றன. நொடிக்கு 5 என்பது நிமிடத்திற்கு 300. மேலறைப் படபடப்பு என்னும் இதயத்தாளக் கோளாற்றின் வேகமும் அதுவே. முதிய வயதில் முடுக்கியும் நடுக்கமும் ஒருங்கே உடையோர் பலர் ஆதலால் இக்குழப்பம் நூல்களில் மட்டும் காணப்படுவதன்று. பல் துலக்குவது, மேல் சொறிவது, குளிரில் நடுங்குவது போன்ற அசைவுகள் கண்காணிப்புத் திரையில் உயிருக்கு ஊறு செய்யும் கீழறை மிகைத்துடிப்பைப் போல் தோன்றுவதும் நன்கு அறியப்பட்டது.

1999 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் அறிக்கை, இவ்வகைப் போலிக்குறியைக் கீழறை மிகைத்துடிப்பு எனத் தவறாகக் கொண்டதனால் 12 நோயாளிகளுக்கு நேர்ந்ததை விவரித்தது. நெஞ்சக மருந்துகள் கொடுக்கப்பட்டன. இதயத்துக்குள் வடிகுழாய் செலுத்திய ஆய்வுகள் செய்யப்பட்டன. தேவையின்றி இதயமுடுக்கியும் அதிர்வுக் கருவியும் பொருத்தும் அளவுக்கு இது சென்றது. போலிக்குறி முடுக்கி நோயாளியைக் குழப்புவது ஒருபுறமிருக்க, போலிக்குறியே ஒருவரை முடுக்கி நோயாளி ஆக்கிவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திரை காட்டும் எண்

இத்தலைப்பில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. கண்காணிப்புத் திரையிலுள்ள நாடித்துடிப்பு எண், திரை எதனைக் கியூ.ஆர்.எஸ். எனக் கொள்கின்றதோ அதன் எண்ணிக்கை ஆகும். முடுக்கி நிமிடத்திற்கு 70 துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். கம்பி இடம்பெயர்ந்ததாலோ, குருதியில் பொட்டாசியம் மிகுந்ததாலோ, இதயத்தசை அவற்றுக்கு இணங்காமற் போகலாம். அப்போது வரைவில் கோடுகள் மட்டும் இருக்கும். அவற்றைத் தொடர்ந்து அகன்ற அலைத்தொகுதி வராது. திரை அக்கோடுகளையோ, ஒவ்வொரு கோட்டின் பின்னும் வரும் மின்னேற்ற வடிதலின் வாலையோ துடிப்பாக எண்ணினால், இதயம் நின்ற பின்னரும் "70" என்ற எண் அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை மணி ஒலிக்காது.

இதயம் நின்ற நிலையிலும் கருவி முடுக்கித் துடிப்புகளை எண்ணக்கூடும், எண்ணிக்கையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை கண்காணிப்புத் திரைகளின் கையேடுகளில் வழக்கமாக இடம்பெறுகின்றது. கையேடுகள் பெரும்பாலும் அலமாரியில் இருப்பவை என்பது வேறு. பெரும்பாலான திரைகளில் நோயாளி முடுக்கி பொருத்தியவரா என்பதைக் குறிப்பிடும் ஒரு தெரிவு உண்டு. அதனைச் சேர்க்கையின்போதே சரியாக அமைத்தால் திரை முடுக்கிக் கோடுகளை எண்ணிக்கையிலிருந்து விலக்க முயலும். முழு உறுதி அதிலும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவியின் அலை குருதி உண்மையாகவே பாய்வதைக் காட்டுவதால், அதனையும் திரையில் வைத்து அதன் எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. இவை அனைத்துக்கும் மேலாக மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை.

முடுக்கியே ஏமாறும் நிலை

வரைவை மட்டும் கெடுக்கும் குறுக்கீடு ஒருவகை. முடுக்கியையும் சேர்த்துக் கெடுக்கும் குறுக்கீடு மற்றொரு வகை. தாளில் இவை ஒன்றுபோல் தெரியலாம். முடுக்கி இதயத்தின் சொந்தத் துடிப்பு வரும்போது தன்னை நிறுத்திக்கொள்ளும்படி அமைந்தது. வெளி மின்னலையை அது சொந்தத் துடிப்பு எனக் கொண்டால் தேவையான நேரத்தில் வாளாவிருந்துவிடும். முழுவதும் முடுக்கியையே சார்ந்திருப்பவர் சில நொடிகளில் மயங்கி விழுவார்.

ஒருமுனை அமைப்பில் மார்புத் தசையின் மின்னலையே இவ்வாறு செய்யக்கூடும். இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வரைவு ஓடிக்கொண்டிருக்கையில் நோயாளியை இரு உள்ளங்கைகளையும் சேர்த்து வணக்கம் சொல்வது போல் வைத்து அழுத்தச் சொல்வர். தசை இரைச்சல் தோன்றும் அதே நேரத்தில் முடுக்கிக் கோடுகளும் நின்று, நாடியும் இடைவிட்டால் அவ்விரைச்சல் வெறும் போலிக்குறி அன்று. இரைச்சல் வந்தும் நாடி சீராகத் தொடர்ந்தால் கெட்டது தாள் மட்டுமே.

கம்பி உள்ளே முறிந்திருக்கும்போது நிலைமை தலைகீழாகின்றது. முறிந்த முனைகள் உரசி எழும் இரைச்சல் கம்பிக்குள்ளேயே இருப்பதால் உடலின் மேற்பரப்புக்கு வருவதில்லை. தாள் துப்புரவாக இருக்கும். முடுக்கிக் கோடுகள் மட்டும் இடையிடையே காரணமின்றி விடுபடும். இரைச்சல் மிகுந்த வரைவைக் கண்டு அஞ்சுவதைவிட, இத்தகைய தூய வரைவைக் கண்டு ஐயுறுவதே தேவையானது. முடுக்கியின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும் இதய உள்மின்வரைவை நிரலாக்கி மூலம் எடுத்துப் பார்த்தால் அவ்விரைச்சல் வெளிப்படும். வீட்டிலுள்ள நீரேற்றியிலோ சலவைப் பொறியிலோ மின்கசிவு இருந்து, ஈரக் கையால் தொட்டவரின் உடல் வழியே அது பாய்ந்தாலும் அதே நினைவகத்தில் சீரான 50 ஹெர்ட்ஸ் அலையாகப் பதிவாகின்றது. அதிர்வுக் கருவி பொருத்தியவர்களுக்கு இவ்வாறான கசிவினால் தேவையற்ற மின்னதிர்ச்சி ஏற்பட்டதாகப் பல நாடுகளிலிருந்து மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன.

அறுவை அரங்கில் பயன்படும் மின்சுடுகோல் இரண்டையும் ஒருங்கே செய்கின்றது. அது இயங்கும்போது திரையிலுள்ள வரைவு முற்றாகச் சிதைகின்றது. முடுக்கியும் அதே நொடியில் நின்றிருக்கலாம். ஆக்சிசன் அளவியின் அலை ஒன்றே அப்போது சான்று. சுடுகோலைச் சிறு சிறு இடைவெளி விட்டுப் பயன்படுத்துவதும், முடுக்கியை முன்னதாகவே வெளியலைகளைப் பொருட்படுத்தாத நிலைக்கு மாற்றுவதும் வழக்கம்.

போலி போலத் தோன்றும் மெய்

முடுக்கியின் இயல்பான நடத்தைகள் சிலவும் பழுதெனக் கருதப்படுகின்றன. முடுக்கித் துடிப்பும் இதயத்தின் சொந்தத் துடிப்பும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட உருவம் கொண்ட கலப்பு அலை தோன்றும். காந்தத்தை முடுக்கியின் மேல் வைத்தால் அது சூழலை உணர்வதை விட்டுவிட்டு ஒரு நிலையான வேகத்தில் இயங்கும். இவ்வேகம் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். எடுத்துக்காட்டாக, மெட்ரானிக் முடுக்கிகளில் இது நிமிடத்திற்கு 85. மின்கலம் தீரும் தறுவாயில் 65. காரணம் அறியாதவருக்கு இந்த வேக மாற்றம் கோளாறாகத் தெரியும். நெடுநாள் முடுக்கியால் இயங்கிய இதயம் தன் சொந்தத் தாளத்திற்குத் திரும்பும்போது டி அலைகள் சில நாட்கள் தலைகீழாக இருப்பதும் உண்டு. இதயத்தின் நினைவு என அழகாகப் பெயரிடப்பட்ட இது மாரடைப்பின் அடையாளமன்று.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது. இதன் அரசு மருத்துவக் கல்லூரி 2017 இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் உயர்நிலை இதய மருத்துவத்திற்கு மாவட்டத்தினர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய நகரங்களையே பெரிதும் நாடினர். 2009 இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 இல் அதனைத் தொடர்ந்து வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் முடுக்கி பொருத்தும் செலவை எளிய குடும்பங்களுக்கும் எட்டும்படி செய்தன. முடுக்கி பொருத்தப்படுவது நகரில்; பொருத்தியவர் வாழ்வது அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், கறம்பக்குடி, பொன்னமராவதி பகுதிச் சிற்றூர்களில். தலைசுற்றல் வந்தால் முதல் வரைவு எடுக்கப்படும் இடம் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமாகவோ சிறு மருத்துவமனையாகவோ இருக்கும். நிரலாக்கியும் முடுக்கி வல்லுநரும் அங்கு இருப்பதில்லை. ஆகவே அத்தாள் நம்பத்தக்கதா என்பதைப் பொறுத்தே ஒருவரை இரவோடு இரவாக ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது முடிவாகின்றது.

கட்டடத்தின் மின்னமைப்பு இங்கு முக்கியமாகின்றது. எர்த் எனப்படும் புவியிணைப்புக்காகப் புதைத்த தகட்டையோ குழாயையோ சுற்றியுள்ள மண் உலர்ந்தால் அதன் தடை உயர்ந்துவிடும். மழை குறைந்த கோடையும், செம்மண்ணும் பாறையும் கலந்த நிலமும் இதற்கு இடமளிப்பவை. எர்த் முனையற்ற இருமுனைச் செருகியிலோ, நீட்டிப்புப் பெட்டியிலோ இ.சி.ஜி. கருவியைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் தடம் உறுதி. இதற்கு மிக எளிய தீர்வு, கருவியின் செருகியைப் பிடுங்கிவிட்டு அதன் உள் மின்கலத்தில் இயக்குவதாகும். பல வேளைகளில் அந்நொடியே வரைவு தெளிகின்றது.

மின்வெட்டின்போது மின்னாக்கியிலோ இன்வெர்ட்டரிலோ கருவியை இயக்குவது இன்னொரு சிக்கல். இ.சி.ஜி. கருவியின் மின்னிரைச்சல் வடிகட்டி 50 ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டுமே நீக்குகின்றது. சுமைக்கேற்பச் சிறு மின்னாக்கியின் வேகம் ஏறி இறங்கினால் அலைவெண் 48 அல்லது 52 ஆகி வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலையில் 150, 250 ஹெர்ட்ஸ் போன்ற மடங்குகளும் கலந்திருப்பதால் வரைவில் கூர்மையான முட்கள் தோன்றும். முடுக்கியைக் கண்டறியும் சுற்றுக்கு இவை நல்ல தூண்டில். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்து, ஊர்கள் பலவற்றை நாட்கணக்கில் மின்னாக்கிகளை நம்பியிருக்கச் செய்தது. இத்தகைய காலங்களில் வரைவுகளை உள் மின்கலத்தில் எடுப்பதே பாதுகாப்பானது.

தமிழ்நாட்டு அரசு 2023 இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு ஐயமுள்ளோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்துகள் வழங்கப்படுகின்றன. நெஞ்சுவலியோடு வருபவர் முடுக்கி பொருத்தியவராக இருந்தால் படிப்பவரின் வேலை கடினமாகின்றது. கீழறையிலிருந்து தூண்டப்படும் இதயத்தின் அலைத்தொகுதி இயல்பாகவே அகன்றும், எஸ்.டி. பகுதி இயல்பாகவே உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். 1996 இல் சுகார்போசா என்னும் மருத்துவரும் குழுவினரும் வகுத்த விதிகள் இத்தகைய வரைவில் மாரடைப்பைக் கண்டறிய உதவுகின்றன. அவ்விதிகள் ஒரு மி.மீ., ஐந்து மி.மீ. என அளந்து பார்ப்பவை. அடிக்கோடே இரண்டு மி.மீ. தடித்திருந்தால் அவை பயன்படா. வரைவைக் கைப்பேசியில் படமெடுத்து நகர மருத்துவருக்கு அனுப்புவதாயின் இன்னொரு இழப்பும் உண்டு. சுருக்கப்பட்ட படத்தில் முதலில் மறைவது முடுக்கிக் கோட்டைப் போன்ற மெல்லிய கோடுகளே. "முடுக்கி உள்ளவர்" என்ற இரு சொற்களையும் உடன் எழுதி அனுப்ப வேண்டும்.

பிரித்தறியும் வழிகள்

ஒரு முடுக்கிக்குள் இருப்பது கடிகாரம். அதன் கோடுகள் குறிப்பிட்ட இடைவெளிகளுக்குக் கட்டுப்பட்டவை. நிமிடத்திற்கு 60 என அமைத்த முடுக்கியின் அடுத்தடுத்த கோடுகள் 25 மி.மீ. இடைவெளியில் நிற்கும். மேலறை, கீழறை இரண்டையும் தூண்டும் முடுக்கியில் இரட்டைக் கோடுகள் வரும். அவற்றின் இடைவெளியும் பெரிதும் சீரானது. 3 மி.மீ., 7 மி.மீ., 4 மி.மீ. என ஒழுங்கின்றிச் சிதறும் கோடுகளை எந்த முடுக்கியும் எழுதுவதில்லை. இடைமானியால் அளந்து பார்ப்பது சில நிமிட வேலையே.

கை கால்களிலிருந்து வரும் இரைச்சலின் இருப்பிடத்தை முதல் மூன்று இணைப்புகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். முதல் இணைப்பு இரு கைகளுக்கும், இரண்டாவது வலக்கைக்கும் இடக்காலுக்கும், மூன்றாவது இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடைப்பட்டது. இரண்டாவது மட்டும் தெளிவாக இருந்தால் குற்றவாளி இடக்கை. மூன்றாவது தெளிவானால் வலக்கை. முதலாவது தெளிவானால் இடக்கால். மெய்யான இதயத்தாளக் கோளாறு எந்த இணைப்பையும் இவ்வாறு விட்டுவைப்பதில்லை. பெரும் அலைகளுக்கு ஊடே சிறிய, கூர்மையான கியூ.ஆர்.எஸ். முனைகள் தம் பழைய இடைவெளி மாறாமல் நடந்துகொண்டிருந்தால் அவ்வலைகள் போலி எனக் கொள்ளலாம்.

பதிவு செய்பவர் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் கைவேலை சார்ந்தவை. மின்வாய் ஒட்டும் இடத்தில் எண்ணெய், வியர்வை, திருநீறு, சந்தனம் இருந்தால் துடைத்து உலர்த்த வேண்டும். கழுத்துச் சங்கிலி மார்பு மின்வாய்களின் மேல் கிடத்தலாகாது. நோயாளியின் கை, கால் இரும்புக் கட்டிலின் சட்டத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். கைப்பேசியை அப்புறப்படுத்தலாம். நடுக்கம் உள்ளவரின் கைகளை அவருடைய உடலுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் செய்தோ, மின்வாய்களைத் தோளருகே ஒட்டியோ பார்க்கலாம். மின்வாயின் இடத்தை மாற்றினால் அதனைத் தாளில் எழுதிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்தியில் பதிவு செய்வோர், இயன்றால் வண்டியை ஓரிரு நிமிடம் நிறுத்திவிட்டு எடுப்பது நன்று. அதிர்வு முழுவதும் தாளில் ஏறிவிடும்.

முடுக்கி அடையாள அட்டை

முடுக்கி பொருத்தப்படும் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை ஓர் அட்டை வழங்குகின்றது. அதில் நிறுவனத்தின் பெயர், முடுக்கியின் வகை, கம்பிகளின் வகை, பொருத்திய நாள் ஆகியன இருக்கும். அமைப்பு வேகம் பெரும்பாலும் உடன் வரும் பரிசோதனைச் சீட்டில் இருக்கும். கம்பி இருமுனையா, குறைந்த அளவு வேகம் 60 ஆ 70 ஆ, மூச்சளவி உண்டா என்பவை தெரிந்தால் மேலே கூறிய ஐயங்களில் பெரும்பாலானவை எழுவதே இல்லை. முடுக்கி நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த பழைய வரைவு ஒன்றை அட்டையோடு சேர்த்து வைத்திருந்தால், புதிய தாளை ஒப்பிட அது கைகொடுக்கும். வெப்பத்தாளில் அச்சிட்ட வரைவு ஓரிரு ஆண்டுகளில் வெளிறிவிடுமாதலால் அதன் ஒளிநகலையே வைத்திருக்க வேண்டும்.